வடமும் கலமும்: மின்வண்டியின் பழுதறிதல்

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபொழுது, தமிழாசிரியன் ஆகலின் இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ எழுதுவேன் என எண்ணியிருப்பர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது பழைய மாணவன் ஒருவனுடைய கடிதம். அவன் வளைகுடா நாடொன்றிலே, கோல்ப் மைதானமொன்றில், ஆட்டக்காரரை ஏற்றிச் செல்லும் சிறு மின்வண்டிகளைப் பேணும் பகுதிக்குப் பொறுப்பாளனாக இருக்கின்றான். அவன்கீழ் வேலை செய்யும் இளைஞருட் பலர் தமிழர். வண்டியோடு வரும் கைந்நூலோ ஆங்கிலத்தில் உள்ளது. "ஐயா, பற்றரியும் வயரும் பற்றிய பகுதியையாவது தமிழிலே ஒரு பாடமாக எழுதித் தாருங்கள்; இங்குள்ள தம்பிமாருக்கு வாசித்துக் காட்டுவேன்" என்பது அவன் வேண்டுகோள்.

அவ்வேண்டுகோளுக்குக் காரணமாய் அமைந்த நிகழ்ச்சியையும் அவன் எழுதியிருந்தான். வண்டியொன்று மேட்டிலே ஏறும்போது வேகங் குன்றி நின்றுவிடும். சிறிது நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நிகழாதது போல மீண்டும் ஓடும். பற்றரிகள் கெட்டுவிட்டன என மேலாளர் முடிவு செய்தார். பற்றரிகளுக்கு நீர் ஊற்றும் பணி இளைஞன் ஒருவனுடையது. அவனுடைய கவனக்குறைவே காரணம் எனக் கொண்டு, ஆறு பற்றரிகளின் விலையையும் மாதந்தோறும் அவன் சம்பளத்திற் பிடிக்கத் தொடங்கினர். புதிய பற்றரிகள் பூட்டப்பெற்றன. இரு கிழமைகள் வண்டி நன்றாக ஓடிற்று. மூன்றாங் கிழமை அதே மேட்டிலே, முன்போலவே நின்றது. பழுது பற்றரியில் இருக்கவேயில்லை. அது எங்கே இருந்தது, அதனை முதலிலேயே எவ்வாறு கண்டறிந்திருக்கலாம் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

யான் பொறியியல் கற்றவன் அல்லேன், பயிற்றப்பட்ட தமிழாசிரியன். ஆதலின் மாணவன் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவனை எங்கள் வீட்டு விறாந்தையில் இருத்திச் செயல்முறைகளை ஒவ்வொன்றாகக் கேட்டெழுதினேன். கணக்குகளைக் கல்லூரிப் பௌதிகவியல் ஆசிரியர் பார்த்துத் திருத்தித் தந்தார். எஞ்சிய பிழைகள் என்னுடையவை.

முதலிற் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 2 வோல்ற்று அழுத்தந் தரும் தனிக் கூறு கலம் எனப்படும். பல கலங்கள் ஒரு பெட்டியுள் அடங்கியதை நூலோர் மின்கலவடுக்கு என்பர்; வழக்கு நோக்கி யான் பற்றரி என்றே எழுதுகின்றேன். பல பற்றரிகள் சேர்ந்தது தொகுதி. ஒரு பற்றரியை மற்றொன்றோடு இணைக்கும் தடித்த செப்புக்கம்பிக் கற்றை, அதாவது கேபிள், வடம் ஆகும். இப்பெயர் மிகப் பொருந்துவது. தேர்வடமும் பல புரிகள் சேர்ந்தமைந்ததே. தேர் நிலையில் நிற்கும்பொழுது அவ்வடத்தின் உட்புரிகளுட் பாதி நைந்திருப்பினும் பார்ப்பவர் கண்ணுக்கு அது வடமே. இழுக்கத் தொடங்கிய பின்னரே அதன் வலியின்மை வெளிப்படும். மின்வடமும் அத்தகையதே. நிற்கும் வண்டியில் அதன் குறை தெரியாது. கீழே வரும் சோதனைகளுட் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவை.

இவ்வண்டிகள் அமெரிக்காவிலே பெருகியவை. அந்நாட்டு ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்ரா நகரை இவற்றின் தாயகம் எனலாம். ‘ஈ-ஸீ-கோ’ நிறுவனம் 1954இல் அங்கே தொடங்கப்பெற்றது. ‘கிளப் கார்’ நிறுவனமும் அந்நகரை அடுத்தே இயங்குகின்றது. இருக்கையைத் தூக்கினால் அதன்கீழே பற்றரிகள் வரிசையாக வைக்கப்பட்டிருத்தலைக் காணலாம். பழைய வண்டிகளில் 6 வோல்ற்றுப் பற்றரிகள் ஆறு சேர்ந்து 36 வோல்ற்றுத் தரும். பின்வந்தவற்றில் 8 வோல்ற்றுப் பற்றரிகள் ஆறோ 12 வோல்ற்றுப் பற்றரிகள் நான்கோ சேர்ந்து 48 வோல்ற்றுத் தரும். மாணவன் பேணும் வண்டிகள் 8 வோல்ற்றுப் பற்றரிகள் ஆறு கொண்டவை. ஆதலின் அவற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வேன். ஒன்றன் நேர்முனையை அடுத்ததன் மறைமுனையோடு பிணைத்துத் தொடராக இணைத்திருப்பர். ஆறு பற்றரிகளைப் பிணைக்க ஐந்து வடங்கள் வேண்டும். தொகுதியின் இரு தலைப்புகளிலிருந்தும் கட்டுப்படுத்திக்கும் மோட்டருக்கும் செல்லும் முதன்மை வடங்கள் வேறு. தொடரிணைப்பில் எல்லாப் பற்றரிகளின் ஊடாகவும் எல்லா வடங்களின் ஊடாகவும் ஒரே மின்னோட்டமே செல்லும். ஆகவே ஓரிடத்து இடையூறு முழுச்சுற்றுக்கும் இடையூறாகும்.

ஈய அமிலக் கலத்தை 1859இல் பிரான்சிய அறிஞர் கஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். அதன் நேர்த்தகடு ஈயவீரொட்சைட்டு, மறைத்தகடு ஈயம், இரண்டும் ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்கும். மின்னிறங்கும்பொழுது இருவகைத் தகடுகளும் ஈயசல்பேற்றாக மாற, அமிலத்தின் செறிவு குறைந்து நீர்த்தன்மை மிகும். மின்னேற்றும்பொழுது இம்மாற்றம் திரும்ப நிகழும். அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தே கலத்தில் எவ்வளவு மின் எஞ்சியுள்ளது எனச் சொல்லக்கூடுமாயிருத்தல் இதனாலேதான். மின்னிறங்கிய நிலையிற் பலநாள் விட்டுவைத்தால் ஈயசல்பேற்று வன்பளிங்குகளாக இறுகிவிடும். பின்பு எவ்வளவு ஏற்றினும் முழுதாய்த் திரும்பாது. மின்னேற்றத்தின் இறுதியில் நீரின் ஒரு பகுதி பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனுமாக வெளியேறும். அந்நட்டத்தை ஈடுசெய்யவே நீர் ஊற்றுகின்றோம். ஊற்றவேண்டுவது காய்ச்சிவடித்த நீர், அமிலம் அன்று. எங்கள் ஊர்க் கிணற்று நீரின் சுண்ணாம்பு கேத்திலின் அடியிற் படிவதைக் கண்டவர்க்கு, அந்நீரைக் கலத்தில் ஊற்றலாகாது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நீர் ஊற்றுவதிலும் ஒரு முறை உண்டு. மின்னேற்றிய பின்னரே நீரை நிரப்புதல் வேண்டும். ஏற்றும்போது திரவம் விரிந்து உயருமாதலால், முன்னரே நிரப்பினால் அமிலம் வழிந்து முனைகளையும் வடங்களையும் அரிக்கும். ஆயின் தகடுகள் வெளியே தெரியுமளவு வற்றியிருப்பின், அவை மூழ்குமளவு மட்டும் முதலில் ஊற்றி, ஏற்றிய பின்பு மிகுதியை நிரப்புக. வாய்க்குழாயின் கீழ்விளிம்புக்கு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் கீழே நிறுத்துதல் நன்று. மிக ஊற்றுபவன் குறைய ஊற்றுபவனைப் போலவே தீங்கு செய்கின்றான். அளவுக்கு மேலூற்றிய நீர் அமிலத்தோடு கலந்து வழிந்தே பல வடங்கள் கெடுகின்றன என்றான் மாணவன்.

சோதனைக்குப் போகுமுன் காவல் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதனை வாசியாது அடுத்த பந்திக்குத் தாவுவோரை யான் வகுப்பில் நன்கறிவேன்! காற்றிலே ஐதரசன் கனவளவில் 4 வீதம் சேர்ந்தாலே பொறி பட்டு வெடிக்கும். ஆதலின் மின்னேற்றும் இடம் காற்றோட்டமுள்ளதாய் இருத்தல் வேண்டும். புகைத்தலும் தீயும் ஆகா. கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் அணிக. மோதிரம், கைச்சங்கிலி, உலோகப்பட்டியுள்ள கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்க. இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்த திறப்பு நொடியிற் பழுக்கக் காய்ந்து உருகவுங் கூடும். ஆகவே திறப்பின் பிடியைக் காவலிநாடாவாற் சுற்றிவைத்தல் வேண்டும். அமிலம் கண்ணிற் பட்டால் ஓடும் நீரால் 15 நிமிடத்துக்குக் குறையாது கழுவி, உடனே வைத்தியரிடம் செல்க. வண்டியில் ‘ஓட்டம்’, ‘இழுப்பு’ என இருநிலை ஆளி இருப்பின், வடங்களைக் கழற்றுமுன் அதனை ‘இழுப்பு’ நிலைக்கு மாற்றுக. கழற்றும்போது தொகுதியின் முதன்மை மறைவடத்தை முதலிலும், பூட்டும்போது அதனையே இறுதியிலும் கொள்க.

இனிச் சோதனை. முதற்கருவி கண். முனைகளில் வெண்ணிறப் பொடியோ நீலப்பச்சைப் பூப்போ உண்டா? வடத்தின் உறை வீங்கியோ கருகியோ உள்ளதா? ஈயமுனை உருகி வடிவங் கெட்டுள்ளதா? உருகிய முனை ஒன்றைக் கண்டால் அங்கே நெடுநாளாகத் தளர்ந்த இணைப்பு இருந்தது எனத் துணியலாம். அடுத்த கருவி கை. முதன்மை மறைவடத்தைக் கழற்றிய பின்பு ஒவ்வொரு வடத்தையும் மெல்ல வளைத்துப் பார்க்க. நல்ல வடம் இசைந்து வளையும். அமிலம் உட்புகுந்த வடம் ஓரிடத்தில் மட்டும் விறைத்து நிற்கும். சிலவேளை மணல் நொறுங்குவது போன்ற ஓசை உள்ளிருந்து எழும்.

அதன்பின் ஓய்வுநிலை அளவு. முழுதும் மின்னேற்றிச் சில மணிநேரம் சும்மா விட்ட பின்பே வோல்ற்றுமானியை வைத்தல் வேண்டும். ஏற்றியவுடன் அளந்தால் தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் போலி அழுத்தம் நம்மை ஏமாற்றிவிடும். நிறைந்த 8 வோல்ற்றுப் பற்றரி ஏறத்தாழ 8.49 வோல்ற்றுக் காட்டும். ஆறும் சேர 50.9 ஆகும். பாதி மின் எஞ்சியிருப்பின் பற்றரி ஒன்றுக்கு ஏறத்தாழ 8.07, தொகுதிக்கு 48.4. இதிலே புதியவர்கள் தவறும் இடம் ஒன்றுண்டு. 48 வோல்ற்று வண்டியில் 48 என்று மானி காட்டினால் "சரியாக இருக்கின்றது" என்று மகிழ்ந்துவிடுவர். உண்மையில் அது பாதிக்கும் கீழே இறங்கிய தொகுதி.

திரவமானி இதனினும் நுட்பமாய்ப் பேசும். வோல்ற்றுமானி பற்றரியை ஒன்றாகவே அளக்கும். திரவமானியோ பற்றரியினுள் இருக்கும் நான்கு கலங்களையும் தனித்தனியே ஆராய உதவும். நிறைந்த கலத்தின் அமிலம் ஏறத்தாழ 1.277 என்னும் சாரடர்த்தி காட்டும். எல்லாக் கலங்களும் ஒருமிக்கக் குறைந்திருப்பின் அது பசி, மின்னேற்றினால் தீரும். ஒரு கலம் மட்டும் மற்றவற்றிலிருந்து 0.050 அளவுக்கு மேற் குறைந்து, சமப்படுத்தும் மின்னேற்றத்தின் பின்னரும் எழாதிருப்பின் அது நோய். அப்பற்றரியை மாற்றவேண்டும். நீர் ஊற்றியவுடன் இவ்வளவை எடுத்தலாகாது. நீர் மேலே மிதந்து நிற்க, மானி பொய் சொல்லும்.

இதுவரை கூறியவை பெரும்பாலும் கைந்நூலில் உள்ளவையே. மேலாளரும் இவற்றுட் சிலவற்றைச் செய்வித்தே இருந்தார். நின்ற வண்டியின் தொகுதி அழுத்தத்தை அளந்தபோது சிறிது குறைவாயிருந்தது. நாள் முழுதும் ஓடிய வண்டியில் அது குறைவாய் இருத்தல் இயல்பே. அதனைக் கொண்டு ஆறு பற்றரிகளையும் குற்றவாளிகளாக்கிவிட்டனர். அவர்கள் செய்யாதது ஒன்றே. வண்டி இழுக்கும்போது அளக்கவில்லை.

இழுநிலைச் சோதனைக்கு இருவர் வேண்டும். ஒருவர் வண்டியை மேட்டில் மெல்ல ஏற்ற, மற்றவர் மானியின் நீண்ட கம்பிகளைப் பாதுகாப்பாக இருத்தி அளவுகளை எழுதவேண்டும். பின்சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்திவைத்து மிதியை அழுத்துவது சோதனை ஆகாது. சுமை இல்லாததால் மின்னோட்டம் சிறிதாகவே இருக்கும். அன்றியும் தொடர்ச்சுற்று மோட்டர் சுமையின்றி ஓடினால் அளவிறந்த வேகங் கொண்டு தன்னைத்தானே குலைத்துக்கொள்ளவுங் கூடும். சமதரையிலே இவ்வண்டி 50 முதல் 75 அம்பியர் வரை இழுக்குமாயின், மேட்டிலே 150ஐயும் 200ஐயும் எட்டும். அந்நேரத்தில் ஒவ்வொரு பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையே அளந்து எழுதுக. ஐந்து பற்றரிகள் 7.8 அளவில் நிற்க, ஒன்று மட்டும் 6.5க்கு விழுமாயின் பழுது அதிலேதான். ஆறும் ஒருமிக்க விழுமாயின் மின்னேற்றம் போதாது, அல்லது தொகுதி முழுவதும் மூத்துவிட்டது.

ஆறும் உறுதியாய் நின்றும் வண்டி தளருமாயின்? இங்கேதான் கூட்டற்கணக்கு உதவுகின்றது. பற்றரி ஒவ்வொன்றும் 7.8 காட்டினால் ஆறுக்கும் 46.8 வோல்ற்று. அதே வேளையிற் கட்டுப்படுத்தியின் முனைகளில் 43.2 மட்டுமே வந்து சேர்கின்றது என்க. 3.6 வோல்ற்றுக் காணாமற் போயிற்று. கணக்கப்பிள்ளை கைப்பணத்தையும் பற்றுச்சீட்டையும் ஒப்பிடுவது போல, போனது எந்த வழியில் என்று தேடவேண்டும். பற்றரிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையில் இருப்பவை வடங்களும் அவற்றின் இணைப்புகளும் முதன்மை ஆளியுமே.

தேடும் முறை எளிது. வோல்ற்றுமானியின் ஒரு முள்ளை முதற் பற்றரியின் ஈயமுனையிலும், மற்றைய முள்ளை வடத்தின் மறுகோடியில் உள்ள அடுத்த பற்றரியின் ஈயமுனையிலும் ஊன்றுக. வளையத்தின் மேலோ சுரையின் மேலோ அன்று. ஈயத்தின் மேலேயே ஊன்றவேண்டும். அப்பொழுதுதான் வடமும் அதன் இரு இணைப்புகளும் ஒருங்கே சோதனைக்குள் அடங்கும். வண்டி நிற்கும்போது மானி 0 காட்டும். இழுக்கும்போது நல்ல வடமாயின் 0.1 வோல்ற்றைத் தாண்டாது. 0.2க்கு மேற் காட்டும் வடத்தை ஐயுறுக. அதன்பின் ஈயமுனைக்கும் வளையத்துக்கும் இடையே தனியாகவும், வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே தனியாகவும் அளந்தால், குறை இணைப்பிலா வடத்தின் உள்ளேயா எனப் பிரித்தறியலாம்.

மாணவன் இச்சோதனையைச் செய்தபோது நான்கு வடங்கள் 0.1க்கு உள்ளே அடங்கின. நான்காம் பற்றரிக்கும் ஐந்தாம் பற்றரிக்கும் இடைப்பட்ட வடம் 2.4 காட்டியது, பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஏறி 5ஐத் தாண்ட, வண்டி நின்றது. எமது பௌதிகவியல் ஆசிரியர் ஓமின் விதிகொண்டு இதனை விளக்கினார். மின்னோட்டம் 160 அம்பியர் எனக் கொண்டால், 2.4 வோல்ற்று வீழ்ச்சிக்குரிய தடை 0.015 ஓம். அந்த வடத்தில் வெப்பமாய் வீணாவது 384 உவாற்று. துணி மினுக்கும் மின் இஸ்திரிக்கைப் பெட்டியொன்றின் மூன்றிலொரு பங்கு வெப்பம், ஒரு சாண் அளவான வடத்தினுள்ளே! வெப்பம் மிகத் தடையும் மிகும். தடை மிக வெப்பமும் மிகும். ஈற்றில் உள்ளே எஞ்சிய தொடுகையும் விலகிவிடும். ஆறியபின் மீண்டும் தொடும். வண்டி நின்று நின்று ஓடியதன் மறை இதுவே. நல்ல நிலையில், 13 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள 30 சென்ரிமீற்றர் வடத்தின் தடை 0.0004 ஓம் மட்டுமே.

"ஓம்மானியால் வடத்தை அளந்தாற் போதாதோ?" என யான் கேட்டேன். போதாது என்றனர் இருவரும். சாதாரண பன்மானியின் சொந்தக் கம்பிகளுக்கே 0.1 ஓம் அளவிலோ அதற்கு மேலோ தடை உண்டு, அதனுள் 0.015 ஓம் மறைந்துவிடும். அன்றியும் பன்மானி வடத்தின் ஊடே அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறிது. நூறு இழைகளில் மூன்று மட்டும் அறாதிருந்தாலும் அச்சிறு ஓட்டத்துக்கு அவை போதும். அந்த வடம் ஓம்மானிக்கு முன்னே நல்ல பிள்ளையாகவே நடந்துகொண்டதாம்.

அவ்வடத்தின் ஒரு பாதியை மாணவன் ஊருக்குக் கொண்டுவந்திருந்தான். விறாந்தையில் வைத்துக் கத்தியால் உறையை நீளமாகக் கீறினோம். வெளியே கறுப்பு உறையில் ஒரு வடுவும் இல்லை. உள்ளே, வளையத்தை அடுத்த நான்கு விரற்கடை தூரத்துக்குச் செம்பு இருந்த இடத்திலே பச்சைப் பொடியே இருந்தது. தட்டியபோது தாளின்மேல் உதிர்ந்தது. வளையத்தின் வாயால் உட்புகுந்த அமிலம், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல, இழைகளின் இடைவெளிகளூடே ஏறிச் சென்று தின்றிருக்கின்றது. பற்றரி மாற்றியபோது பழைய வடங்களையே திரும்பப் பூட்டினர். முனைகளைத் துலக்கியதாலும் வடத்தை அசைத்ததாலும் சில இழைகள் மீண்டும் தொட்டன. அந்த இரு கிழமை ஓட்டம் அதனால் வந்தது. புதிய பற்றரிகளின் புகழ் அன்று.

பிற பழுதுகளைச் சுருக்கமாகக் கூறுவேன். மிதியை அழுத்தும்போது ‘கிளிக்’ என்னும் ஒலி எழுந்தும் வண்டி அசையாவிட்டால் முதன்மை வரிச்சுருள் ஆளியை நோக்குக. தொழிலாளர் இதனைச் சொலினொயிட் என்பர். மிதியை அழுத்தியபோது அதன் இரு பெரிய முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 0 காட்டவேண்டும். தொகுதியின் அழுத்தம் அப்படியே தொடர்ந்து நிற்குமாயின் உள்ளேயுள்ள தொடுகைகள் எரிந்துவிட்டன என்பது பொருள். ஒலியே எழாவிடின் சிறு கம்பிகளையும் திறப்பு ஆளியையும் உருகியையும் தேடுக. மின்னேற்றி தொடங்காமல் இருப்பின் உடனே அதனைப் பழிக்கலாகாது. தானியங்கி மின்னேற்றிகளுட் பல, தொகுதியில் ஓரளவு அழுத்தம் எஞ்சியிருந்தாலன்றி விழித்தெழா. மிக இறங்கிய தொகுதியாயின் ஒவ்வொரு பற்றரியையும் அதற்கேற்ற சிறு மின்னேற்றியால் தனித்தனியே சிறிது உயர்த்தியபின் பெரியதைப் பூட்டிப் பார்க்க.

பழுது கண்டபின் திருத்தத்திலும் தவறுவோர் பலர். முனைகளிற் படிந்த பூப்பை அப்பச்சோடா கரைத்த நீரால் நுரை அடங்குமட்டும் கழுவி, நல்ல நீரால் அலசி உலர்த்துக. கலங்களின் மூடிகள் இறுக மூடியிருத்தல் வேண்டும், அப்பச்சோடா உட்புகுந்தால் அமிலத்தைக் கெடுத்துவிடும். ஈயமும் வளையமும் பளபளக்கும்வரை கம்பித் தூரிகையால் தேய்க்க. வளையம் ஈயத்தின்மேல் நேரே படியவேண்டும். தட்டுவளையத்தை, அதாவது வாசரை, இவ்விரண்டுக்கும் இடையில் வைப்பது பெரும்பிழை. துருவேறா உருக்கு செம்பைப்போல மின்னைக் கடத்தாது. அது சுரைக்குக் கீழே, வளையத்துக்கு மேலே இருக்கவேண்டியது. இறுக்கும் அளவு பற்றரி செய்தோர் குறித்தபடியே அமைக. தளர்ந்தாற் பொறி பறக்கும், மிக இறுகினால் ஈயமுனை பெயர்ந்துவிடும். காப்புநெய்யை இறுக்கிய பின்னரே பூசவேண்டும். முன்னரே பூசினால் நெய்யும் ஒரு தடையாகும்.

வடம் ஒன்று கெட்டால் ஐந்தையும் மாற்றுவது நன்று. ஒரே காலத்தில் ஒரே அமிலத்தை உண்டவை அவை. பழையதிலும் தடித்த, அதாவது 21 சதுர மில்லிமீற்றர் அளவான வடங்கள் கிடைப்பின் அவற்றையே கொள்க. நுனி வளையங்கள் பொறிகொண்டு அழுத்தி நெரிக்கப்பெற்று, வாயிலே வெப்பத்தாற் சுருங்கும் குழாய் இடப்பெற்றிருத்தல் வேண்டும். பற்றரியின் நிலை வேறு. தொகுதி மிகப் புதிதாயின் கெட்ட ஒன்றை மட்டும் மாற்றலாம். நான்கைந்து ஆண்டு உழைத்த தொகுதியினுள் ஒரு புதியதைப் புகுத்தினால், முதியவை அதனையும் விரைவில் தம்மைப்போல் ஆக்கிவிடும்.

அண்மைக்காலத்து வண்டிகள் சில இலிதியம் மின்கலங்களோடு வருகின்றன. அவற்றுக்கு நீரும் இல்லை, திரவமானியும் இல்லை. இறுதிவரை அழுத்தம் பெரிதும் மாறாதிருப்பதால் வோல்ற்றுமானியால் எஞ்சிய மின்னை மதிப்பிடுதலும் அரிது. அவற்றோடு உள்ளமைந்த மின்னணுக் காவற்கருவி திடீரென நிறுத்திவிடும்போதே தெரியவரும். வடங்கள் மட்டும் பழைய வடங்களே. ஈயமுனை என யான் எழுதிய இடங்களில் முனை என்று மட்டும் கொண்டு, அதே இழுநிலைச் சோதனையை அங்கும் செய்யலாம்.

இப்பொழுது அம்மைதானத்தில் வண்டிக்கு ஒரு பக்கமாக ஏடொன்று திறந்திருக்கின்றான் மாணவன். மாதம் ஒருமுறை ஆறு பற்றரிகளின் இழுநிலை அழுத்தங்களும் ஐந்து வடங்களின் வீழ்ச்சிகளும் அதில் எழுதப்படுகின்றன. எழுதுபவன் அந்த இளைஞனே; இலக்கங்களைத் தமிழ்த் தலைப்பின்கீழ் எழுதுகின்றானாம். கழற்றிய பழைய பற்றரிகளைச் சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று மாணவனிடம் கேட்டேன். அவை அக்கிழமையே பழைய ஈயம் வாங்குவோருக்கு விற்கப்பட்டுவிட்டன என்றான். ஆகவே அவை நல்லவை எனக் காட்ட வழியில்லாமற் போயிற்று. வடத்தின் மற்றைய பாதியையும் மானி காட்டிய அளவுகளையும் மேலாளர் மேசைமீது வைத்தே வழக்குரைக்க நேர்ந்தது. அதற்குள் மூன்று மாதச் சம்பளத்திற் பணம் பிடித்துவிட்டனர். இரண்டு மாதத்துக்குரியது திரும்பக் கிடைத்தது. மூன்றாம் மாதத்துக்காக மாணவன் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றான்.